பதில்: பொறியியல் கலந்தாய்வில் 'மேல்நோக்கி' கொடுத்தால் கையில் உள்ள இடம் போய்விடுமா?

ஐயா, மகளுக்கு 11-வது விருப்பமான தனியார் கல்லூரி ஒதுக்கீடாகியிருக்கிறது, 4-வதாகப் போட்ட அரசுக் கல்லூரி வேண்டும் என்கிறீர்கள். 'ஏற்று, மேல்நோக்கி' என்பதைக் கொடுங்கள், அதாவது கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பங்களுக்கும் காத்திருப்பது. இடம் போகாது, மேலே எதுவும் காலியாகாவிட்டால் இதே இடம் உறுதியாகும். ஆனால் குறித்த தேதிக்குள் உதவி மையத்தில் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். கட்டத் தவறினால் இந்த இடம், மேலே போகும் வாய்ப்பு இரண்டும் போய்விடும். 'மறுத்து, மேல்நோக்கி' மட்டும் வேண்டாம், அதில் இந்த இடத்தை இப்போதே விடுகிறீர்கள்.

அதற்கு முன் 1 முதல் 10 வரை போட்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பலர் சிக்குவது இங்கேதான். 4-வது கிடைக்காமல் 9-வது கிடைத்தால் அதுதான் உங்கள் இடம். 11-க்குத் திரும்ப முடியாது. விருப்பப் பட்டியலைப் பூட்டிய (இறுதி செய்த) பிறகு வரிசையையும் மாற்ற முடியாது.

பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று இருக்கிறதா பாருங்கள். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் அப்படிப் பிரிவுகள் உண்டு.

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், ஒதுக்கீட்டு ஆணையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% என்று இருக்கிறதா என்பது மிக முக்கியம். அந்த ஒதுக்கீட்டில் வந்த இடத்துக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். பொதுப் பிரிவில் வந்த இடத்துக்கு அது இல்லை. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகைக்கு அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.