நார்சிசஸ் மொட்டு ஏன் காய்கிறது?

கேள்வி: குவாங்சோவில் வசிக்கிறேன். சீனப் புத்தாண்டுக்காகத் தண்ணீரில் வைத்த நார்சிசஸ் பூச்செடியின் கிழங்கில் இலைதான் உயரமாக வளர்ந்து சாய்ந்தது. மொட்டுகள் விரியாமலே காய்ந்துவிட்டன. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?

பதில்: இலை நீண்டு சாய்ந்ததற்கு வெயில் போதாததும் அறைச் சூடும் காரணம். மொட்டு காய்ந்ததற்கும் பெரும்பாலும் அந்தச் சூடே காரணம். இடையில் ஒரே ஒரு நாள் தட்டில் நீர் வற்றியிருந்தாலும் இப்படி ஆகும். உரம் வேண்டியதில்லை. ஃபூஜியன் மாகாணத்து சாங்சோ விவசாயிகள் மூன்று ஆண்டு வயலில் வளர்த்து, பூவுக்கான உணவு முழுவதையும் கிழங்கில் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். கூடையில் எத்தனை கிழங்கு அடங்கும் என்பதை வைத்து 10, 20, 30 என்று தரம் பிரிப்பார்கள். எண் குறைந்தால் கிழங்கு பெரிது, பூந்தண்டும் அதிகம். அகன்று, கனமாக இருப்பதை எடுங்கள். நடுப்பகுதியை இரு விரலால் அழுத்தினால் உள்ளே தண்டுகள் திரண்டு, லேசாக எதிர்த்துத் தள்ளுவது தெரியும். தொளதொளவென்று அமுங்கினால் வாங்காதீர்கள்.

அடியில் ஒட்டிய மண், பழுப்புத் தோல், காய்ந்த பழைய வேர் எல்லாவற்றையும் நீக்குங்கள். மொட்டு எளிதாக வெளிவர, உச்சியில் மட்டும் ஆழமில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறலாம். கிழங்கைச் செதுக்கி இலையைச் சுருள வைக்கும் ‘நண்டுக்கால்’ முறை அழகுதான். ஆனால் கத்தி மொட்டில் பட்டால் அந்தத் தண்டு போயிற்று. முதல் முறை அது வேண்டாம். சாறு தோலில் அரிக்கும் என்பதால் கையுறை அவசியம்.

ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை ஊறவைத்து, கசியும் கோழையைக் கழுவிவிடுங்கள். இதை விட்டால் கிழங்கு அழுகும். பிறகு ஓட்டையில்லாத ஆழமற்ற தட்டில் கூழாங்கல்லால் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். கிழங்கின் அடி மூன்றில் ஒரு பங்கு வரை நீர் போதும். வேர்ப்பகுதியில் பஞ்சு போர்த்தினால் வேர் வெள்ளையாகவே இருக்கும்.

வேர் விட்டதும் பகலில் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். இரவில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலையில் புதிதாக ஊற்றுங்கள்; இலை குட்டையாக நிற்க இதுதான் வழி. இரவுக் குளிர் இருக்கும் பால்கனி நல்ல இடம். ஹீட்டர் காற்று படவே கூடாது.

10 முதல் 15 டிகிரியில், செதுக்காத கிழங்கு பூக்கச் சுமார் 40 நாள் ஆகும். செதுக்கியது 30 நாளுக்குள் பூக்கலாம். 2027 புத்தாண்டு பிப்ரவரி 6. எனவே செதுக்காததை டிசம்பர் 28 வாக்கில் நீரில் வையுங்கள். குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்தால் சில நாள் தள்ளித் தொடங்கலாம். கடைசி வாரத்தில் பின்தங்கினால் பகலில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். முந்திக்கொண்டால் குளிர்ந்த நீர் ஊற்றிக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். மொட்டை மறைத்த மெல்லிய உறை கிழிந்தபின் வேகத்தை அதிகம் மாற்ற முடியாது.

இலை கொஞ்சம் உயர்ந்துவிட்டால், அங்கே எல்லோரும் செய்வதுபோல் சிவப்புத் தாள் பட்டையால் சேர்த்துக் கட்டுங்கள். விரிந்த பூவை ஆப்பிள், வாழைப்பழத் தட்டுக்கு அருகில் வைக்காதீர்கள், சீக்கிரம் வாடும்.

கிழங்கு பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் விஷம். தின்றால் கடும் வாந்தி வரும். சமையலறையில் வைக்காதீர்கள், குழந்தைக்கும் பூனைக்கும் எட்டவிடாதீர்கள். பூத்து முடிந்த கிழங்கு அடுத்த ஆண்டு தண்ணீரில் பூக்காது; புதிதாகத்தான் வாங்க வேண்டும்.