எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் முடக்குவாதம் குறையுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. இரண்டு வருடமாக முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ‘எதிர்ப்பு சக்தி குறைந்ததுதான் காரணம்’ என்று சொல்லி உறவினர் ஒரு பொடி வாங்கித் தந்திருக்கிறார். டாக்டரோ எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை தருகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டாக்டர் சொல்வதை. ஆனால் உங்கள் குழப்பம் நியாயமானது. கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி என்றாலே கூடக் கூட நல்லது என்று எல்லோருக்கும் பதிந்துவிட்டது.

உங்களுக்குச் சக்தி குறையவில்லை, கிருமியை அடிப்பதற்குப் பதில் ஆள் மாறி உங்கள் மூட்டையே அடிக்கிறது. மூட்டின் உட்புறச் சவ்வின் மேற்பரப்பில் சாதாரணமாக ஒன்றிரண்டு அடுக்கு செல்கள்தான் இருக்கும். அதற்குள் இப்போது வெள்ளை அணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருக்கின்றன. அவற்றில் ஒரு வகையான டி செல்கள் மற்றவற்றைத் தூண்டிவிடுகின்றன. ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற எதிர்ப்பொருள்கள் எல்லாம் இன்னொரு வகையான பி செல்களின் வழியாக வருபவை. வீக்கத்தைப் பெரிதும் கிளப்புவது மேக்ரோபேஜ். கிருமியை விழுங்க வேண்டிய இந்த செல், டி.என்.எஃப். என்ற புரதத்தை விடாமல் சுரந்து மற்ற செல்களையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சவ்வு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பை அரிக்கிறது. அரிக்கும் செல்களும் மேக்ரோபேஜின் பங்காளிகள்தான்!

வீங்கிய விரல் மூட்டை அழுத்திப் பாருங்கள். வயதாகி வரும் மூட்டுத் தேய்மானத்தில் எலும்பு முண்டுபோலக் கெட்டியாக இருக்கும். முடக்குவாதத்தில் நுங்கை அழுத்துவதுபோல மெத்தென்று இருக்கும். கைக்குத் தட்டுப்படுவது அந்தத் தடித்த சவ்வும் நீரும்தான்.

1990களில் லண்டனில் ரவீந்தர் மைனி, மார்க் ஃபெல்ட்மன் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர் டி.என்.எஃப்.பை மட்டும் முடக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு வீக்கம் வடிந்தது. அந்த வகை ஊசிகள் இங்கேயும் கிடைக்கின்றன. ஆனால் உடம்பில் தூங்கும் காசநோய்க் கிருமியைக் கட்டிப்போட்டிருப்பதும் இதே டி.என்.எஃப். என்பதால், ஊசிக்கு முன்னால் டி.பி. பரிசோதனை கட்டாயம்.

உங்கள் மாத்திரை அநேகமாக மெத்தோட்ரெக்சேட்டாக இருக்கும். அப்படியானால் வாரத்துக்கு ஒரே நாள்தான். கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள். தினமும் போட்டுக்கொண்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இடையிடையே ரத்தமும் கல்லீரலும் பரிசோதிக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பொடி. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், டப்பாவோடு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.