பேரை வச்சு ப்ராசஸை நிறுத்துறது, இன்டர்வியூல எப்படி சொல்லணும்

தம்பி, லினக்ஸ்ல ஓடிட்டிருக்க ப்ராசஸை, அதாவது ஓடுற ப்ரோக்ராமை, பேரை வச்சு எப்படி நிறுத்துவீங்கன்னு கேட்டாங்க, அதுக்கான கமாண்ட் பி-கில்னு (pkill) சட்டுனு சொல்லிட்டேன், ஆனாலும் செலக்ட் ஆகலன்னு எழுதியிருக்கீங்க. பதில் தப்பில்ல. ஆனா சிஸ்டம் அட்மின் வேலைக்கு ஆள் எடுக்கறவங்க அதுல தேடுறது கமாண்ட் பேரை இல்ல, லைவ் சர்வரை இந்தப் பையனை நம்பி விடலாமாங்கறதுதான்.

ஏன்னா பி-கில் பேரை முழுசா ஒப்பிட்டுப் பாக்காது, நீங்க அடிச்ச எழுத்து பேருக்குள்ள எங்க வந்தாலும் புடிச்சுக்கும், ஒரே சர்வர்ல நாலு ஜாவா அப்ளிகேஷன் ஓடுதுன்னு வைங்க, ரூட்ல (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) இருந்து ஜாவான்னு அடிச்சா நாலுமே காலி. அதனால மொதல்ல பி-கிரெப் (pgrep) கமாண்ட் போட்டு எதெல்லாம் மாட்டுதுன்னு பாத்துப்பேன்னு ஆரம்பிங்க, அதுவும் இதே மாதிரிதான் தேடும், ஆனா காட்டுறதோட நிறுத்திக்கும். அப்புறம் பேர் அச்சா பொருந்தணும்னா மைனஸ் எக்ஸ், ஒரு யூசரோடது மட்டும்னா மைனஸ் யூ. லினக்ஸ்ல ப்ராசஸ் பேர் 15 எழுத்தோட வெட்டுப்படும், அதனால நீளமான பேரை முழுசா அடிச்சா ஒண்ணும் மாட்டாது, மைனஸ் எஃப் போட்டா முழு கமாண்ட் லைன்லயும் தேடும், ஆனா அப்போ இன்னும் நிறைய மாட்டும், பாத்து.

அடுத்து சிக்னல், அதாவது ப்ராசஸுக்கு இந்த கமாண்ட் அனுப்புற, நம்பர் போட்ட செய்தி. எடுத்த எடுப்புல மைனஸ் 9னு சொல்றவங்கதான் அதிகம், எனக்கு அதுதான் எரிச்சலே. நம்பர் எதுவும் குடுக்கலன்னா போறது 15, ப்ரோக்ராம் ஃபைலை மூடிட்டு ஒழுங்கா வெளிய வர அதுல வாய்ப்பு இருக்கு. 9ஐ ப்ரோக்ராமால தடுக்கவே முடியாது, பாதி எழுதின டேட்டா அப்படியே நிக்கும். 15 அனுப்பி கொஞ்சம் பொறுத்து, அசையலன்னா மட்டும் 9னு சொல்லுங்க. ஸாம்பி ப்ராசஸ்னு குறுக்க கேட்டா, அது ஏற்கனவே செத்தது, 9க்கும் போகாது, அதை ஆரம்பிச்சு விட்ட பேரன்ட் ப்ராசஸைத்தான் பாக்கணும்.

கில்-ஆல் (killall) கமாண்ட் பத்தி ஒரு வார்த்தை. லினக்ஸ்ல அது பேரை வச்சு நிறுத்தும், சொலாரிஸ்ங்கற யூனிக்ஸ்ல அதே கமாண்ட் ரூட்ல அடிச்சா மெஷின்ல ஓடுற கிட்டத்தட்ட எல்லாத்தையும் நிறுத்திடும். பழைய யூனிக்ஸ் சர்வர் வச்சிருக்க கம்பெனில இது தெரிஞ்சவருக்கு தனி மதிப்பு.

உங்க மெஷின்லயே ஸ்லீப் கமாண்டை பேக்ரவுண்ட்ல நாலஞ்சு தடவை ஓட விட்டு ஒவ்வொண்ணா நிறுத்திப் பழகுங்க. நிறுத்தினதும் திரும்ப எழுந்து வர்ற சர்வீஸ் பத்தியும் கேப்பாங்க, அதை லினக்ஸ்ல சர்வீஸ்களை பாத்துக்கற சிஸ்டம்-டி (systemd) ரீஸ்டார்ட் பண்ணுது, அங்க சிஸ்டம்-கன்ட்ரோல் ஸ்டாப் (systemctl stop) கமாண்ட்தான் சரி.