இருமல் நின்றுவிட்டால் விழுங்குவது சரியாகிவிட்டதா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. பத்து வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்தது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் தண்ணீர் குடித்தால் புரையேறியது என்பதால், கெட்டிப்படுத்தும் பொடியைக் கலந்து கொடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகும் ஒருமுறை நிமோனியா வந்து போனது. இப்போது இரண்டு வாரமாக இருமலே இல்லை. பொடியை நிறுத்திவிடலாமா? ‘ஒரு வாய் வெறும் தண்ணீர் கொடு’ என்று தினமும் கேட்கிறார். என் மகன் 33ஆவது வாரத்தில் பிறந்தவன். இப்போது ஆறு வாரக் குழந்தை. புட்டிப்பால் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, கடைவாயில் வழிகிறது, பாதியில் அமைதியாகத் தூங்கிவிடுகிறான். அப்பாவின் பொடியில் சிறிது அவன் பாலில் கலந்தால் நிதானமாகக் குடிப்பானா? இருவரையும் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டச் சொல்கிறார்கள். பேசவே தொடங்காத குழந்தைக்கும், நன்றாகப் பேசுகிற அப்பாவுக்கும் பேச்சுப் பயிற்சி எதற்கு?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் பொடியைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது நாளைவரை காத்திருக்கக் கூடாதது. தந்தைக்கு வாங்கிய பொடியைக் குழந்தையின் பாலில் ஒரு சிட்டிகைகூடக் கலக்க வேண்டாம். இத்தகைய பொடிகள் பலவற்றில் இருப்பது சாந்தன் பிசின். அது சேர்ந்த ஒரு கெட்டிப்பொருளைக் குடித்த குறைமாதக் குழந்தைகள் சிலருக்குக் குடலின் சுவரே அழுகிப்போகும் ‘நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ்’ என்னும் உயிராபத்தான நோய் வந்ததை அடுத்து, 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு அதைத் தரக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. மறு ஆண்டில், எந்தக் கைக்குழந்தைக்கும் இந்த ஆபத்து இருக்கலாம் என்று அந்த எச்சரிக்கையை விரித்தது. ஏற்கெனவே ஓரிரு முறை கலந்து கொடுத்திருந்தால், தயங்காமல் இன்றே குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பேச்சுப் பயிற்சி எதற்கு என்ற கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் எங்களிடம் கேட்டிருக்கின்றன. இரண்டு விரல்களைத் தொண்டையின் முன்பக்கம், குரல்வளை மேட்டின்மேல் மெல்ல வைத்துக்கொண்டு ஒருமுறை எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு மேலே ஏறி, சற்று முன்னால் நகர்ந்து, மறுபடி இறங்குவது விரலுக்குத் தெரியும். ஏறக்குறைய ஒரு விநாடியில் முடிந்துவிடுகிற அந்த ஒரே அசைவில், மூச்சு நிற்கிறது. மெல்லண்ணம் எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. குரல்நாண்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்கின்றன. அவற்றுக்கு மேலே குரல்வளைமூடி மடிகிறது. எப்போதும் இறுகியிருக்கும் உணவுக்குழாயின் வாயில் அந்தக் கணத்துக்கு மட்டும் திறந்து, விழுங்கியதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இவற்றில் ஒன்று அரை விநாடி பிந்தினாலும், உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாயின் வாசலில் வந்து நிற்கும். உதடு, நாக்கு, அண்ணம், குரல்நாண் என்று இதில் வேலை செய்யும் உறுப்புகளைக் கொண்டுதான் நாம் பேசவும் செய்கிறோம். அவற்றின் தசைகளையும் நரம்புகளையும் கற்றுத் தேர்ந்தவர் என்பதால், விழுங்கலைச் சீர்செய்வதும் குழந்தைக்குப் பால் குடிக்கக் கற்றுத்தருவதும் பேச்சுப் பயிற்சியாளரின் பணிகளாகிவிட்டன. பெயர் ஒன்றைச் சொல்கிறது, வேலை அதைவிடப் பெரியது.

பேச்சு தெளிவாக இருப்பதால் விழுங்கலும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேசும்போது தொண்டைக்கு உள்ளே எதுவும் இறங்குவதில்லை. ஆகவே அங்கே உணர்ச்சி இருக்கிறதா, குரல்வளை உரிய நேரத்தில் மூடுகிறதா என்பதைப் பேச்சு காட்டிக்கொடுக்காது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொடக்க நாட்களில் விழுங்குவதில் சிரமம் ஏற்படுகிறது. பலருக்கு அது சில வாரங்களில் தானாகவே சீராகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இருமல் நின்றதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. புரையேறுவது என்பது உடல் விழித்துக்கொண்டு எழுப்பும் எதிர்ப்பு. தவறான வழியில் இறங்கிய துளியைக் குரல்வளை உணர்ந்து, மூச்சின் முழு வேகத்தால் வெளியே தள்ளுகிறது. அந்த எதிர்ப்பு ஓய்வதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு: விழுங்கல் உண்மையிலேயே தேறிவிட்டது என்பது ஒன்று, தொண்டையின் உணர்ச்சி மங்கியதால், உள்ளே இறங்குவது அவருக்கே தெரியவில்லை என்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், இருமல் முற்றிலும் நின்றுவிட்ட ஒரு முதியவரை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்தேன். பேரியம் கலந்த நீரை ஒரு தேக்கரண்டி விழுங்கினார். திரையில் ஒரு கரிய கோடு குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாயின் சுவரோரமாக இறங்கிக்கொண்டே போயிற்று. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ‘நன்றாக இருக்கிறது, இன்னும் கொடுங்கள்’ என்றார். இருமல் இல்லை என்று நான் அதற்கு முந்தின வாரம் அவருடைய குறிப்பேட்டில் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தேன். அன்று முதல், சத்தமில்லாத விழுங்கலைக் கண்ணால் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

உங்கள் தந்தைக்கு ஒருமுறை நிமோனியா வந்திருப்பதால், கருவியால் பார்க்கும் சோதனை அவருக்குக் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. நான் மேலே சொன்ன எக்ஸ்ரே வீடியோ ஒரு முறை; மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையை மேலிருந்து பார்ப்பது மற்றொன்று. இரண்டில் எது வசதியோ அதைச் செய்யலாம். தேறிவிட்டார் என்று தெரிந்தால் பொடியைப் பயிற்சியாளரே படிப்படியாக நிறுத்திவிடுவார். பத்து வாரம் கழிந்திருப்பதால் அதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. சோதனை முடியும்வரை இப்போதுள்ளபடியே தொடருங்கள்.

பொடி கலந்தும் நிமோனியா வந்தது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். கெட்டியாக்கிய நீர் மெதுவாக இறங்கும், ஆகவே தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும். அது செய்வது அவ்வளவே. நாள் முழுவதும் ஊறும் எச்சிலை யாரும் கெட்டியாக்குவதில்லை. பல் துலக்காத வாயில் பெருகும் கிருமிகள் அந்த எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வர அதுவே போதும். எனவே ஒவ்வொரு வேளைக்குப் பிறகும், படுக்கும் முன்பும் பல், நாக்கு, கன்னத்தின் உட்புறம் மூன்றையும் மென்மையான பிரஷ்ஷால் துலக்கிவிடுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். பக்கவாதம் தாக்கிய பக்கத்துக் கன்னத்தில் உணவு ஒதுங்கிக் கிடக்கும், அது அவருக்குத் தெரியாது. விரலில் சுத்தமான துணியைச் சுற்றித் துடைத்து எடுக்க வேண்டும். இதைச் சின்ன வேலை என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில், வீட்டில் செய்யக்கூடியவற்றுள் இதைவிடப் பயன் தருவது வேறில்லை.

பொடி கலக்கும் அளவும் கைக்குக் கை மாறிவிடுகிறது. நீங்கள் ஒரு பதத்தில் கலப்பீர்கள், வீட்டில் வேறொருவர் வேறொரு பதத்தில் கலப்பார். இதைத் தவிர்க்க உலகெங்கும் பயன்படும் ஓர் எளிய அளவீடு இருக்கிறது. அதில் பானங்கள் 0 முதல் 4 வரை நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 10 மி.லி. சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, கலந்த நீரை 10 மி.லி. கோடுவரை நிரப்பி, விரலை எடுத்துப் பத்து விநாடி ஒழுக விட்டு மறுபடி அடைத்துக்கொள்ளுங்கள். மீந்திருப்பது 1 முதல் 4 மி.லி. என்றால் அது முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, 8க்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. துளியும் ஒழுகாமல் பத்தும் அப்படியே நின்றால் நான்காம் நிலை. சிரிஞ்சு எல்லாம் ஒரே பருமனில் வருவதில்லை. 0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருப்பதைக் கொண்டே சோதிக்க வேண்டும். தந்தைக்கு எந்த நிலை என்பதைப் பயிற்சியாளரிடம் எழுதி வாங்கி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மலச்சிக்கல் வருவது வழக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: மாவுச்சத்தால் ஆன கெட்டிப்பொடியோடு, பாலிஎத்திலீன் கிளைகால் சேர்ந்த மலமிளக்கித் தூளைக் கலந்தால் நீர் மறுபடி நீர்த்துப்போகும், கோப்பையில் கெட்டியாகத் தெரிந்தது தொண்டையில் வெறும் நீராக இறங்கும். எந்த வகைப் பொடி என்பதை உறையில் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரைகளையும் கேட்காமல் பொடிக்க வேண்டாம். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை பொடித்தால் மருந்தை ஒரே நேரத்தில் கொட்டிவிடும்.

வீடியோக்களைப் பார்த்துத் தாடையைக் கீழே தாழ்த்தி விழுங்கும் பயிற்சியைச் செய்ய வைக்கும் குடும்பங்கள் உண்டு. அது சிலருக்கு மூச்சுக்குழாயைக் காக்கும். சிலருக்கு அதனால் பயன் இல்லை, சிலருக்குத் தொண்டையில் தேங்கியதை உள்ளேயே சரித்துவிடும். தொண்டையின் ஒரு பக்கம் தளர்ந்தவருக்குத் தலையைத் தளர்ந்த பக்கம் திருப்பி விழுங்கச் சொல்வோம். அந்தப் பக்கம் நெருங்கி மூடிக்கொள்ள, உணவு வலுவுள்ள பக்கமாக இறங்கும். எது யாருக்கு என்பது சோதனையில்தான் தெரியும். நிமிர்ந்து உட்காருவது, முழு விழிப்பில் சாப்பிடுவது, சிறு சிறு வாயாக எடுப்பது, சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்காமல் இருப்பது ஆகியவற்றை இன்றே தொடங்கலாம்.

இனி உங்கள் மகன். பாலை உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சும் அந்தத் தாளம் கருவின் 32 முதல் 34ஆம் வாரத்தில்தான் கூடத் தொடங்குகிறது. அது நிலைப்படுவதற்கு 37 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் ஆகும். அவன் பிறந்தபோது அந்தத் தாளத்தைப் பாதிதான் கற்றிருந்தான். பால் வேகமாக வந்தால் மூச்சுக்கு இடமில்லாமல் விழுங்கிக்கொண்டே போவான், களைத்துப்போவான், தூங்கிவிடுவான். பாதியில் வரும் அந்த அமைதியான தூக்கத்தை வயிறு நிறைந்த நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாத்தாவின் இருமலைப் போலவே பேரனின் தூக்கமும் சந்தேகத்தோடு பார்க்கப்பட வேண்டியது.

அடுத்த முறை பால் கொடுக்கும்போது புட்டியைப் பார்க்காமல் அவன் முகத்தையும் கையையும் பாருங்கள். மடங்கியிருந்த விரல்கள் திடீரென விரிவது, புருவம் உயர்வது, மூக்குத்துவாரம் விடைப்பது, மடக்கு மடக்கெனச் சத்தம் கேட்பது, கடைவாயில் வழிவது: இவை ‘கொஞ்சம் நிறுத்து’ என்று அவன் சொல்லும் சொற்கள். குடிக்க நேரமாகிறதே என்று காம்பின் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். அவனுக்குத் தேவை மெதுவாகப் பால் வரும் காம்பு. மடியில் ஒருக்களித்து, தலை சற்று உயர்ந்திருக்கும்படி கிடத்தி, நான்கைந்து உறிஞ்சலுக்கு ஒருமுறை புட்டியைத் தாழ்த்திக் காம்பில் பால் இல்லாமல் செய்தால் அவன் மூச்சு வாங்கிக்கொள்வான். அரைமணியைத் தாண்டினால் நிறுத்திவிடலாம். அதற்குமேல் குடிக்கும் பாலைவிடக் குடிக்கும் உழைப்பே அவனுக்கு அதிகச் செலவு. உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ காத்திருக்க வேண்டாம். பயிற்சியாளரிடம் நேரம் கேட்கும்போது, கைக்குழந்தைகளுக்குப் பாலூட்டும் பயிற்சி தந்த அனுபவம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கும் அது இருக்காது.

கடைசியாக, தந்தை கேட்கும் அந்த ஒரு வாய்த் தண்ணீர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கெட்டியாக்கிய நீரைக் குடிப்பவர்கள் தாகம் தீராமல் தவிக்கிறார்கள், குறைவாகவே குடிக்கிறார்கள், உடல் நீரிழந்து சோர்கிறார்கள். இதை உணர்ந்துதான், விழுங்கலில் குறை உள்ள சிலருக்கும் வெறும் தண்ணீரை நிபந்தனைகளோடு அனுமதிக்கும் ஒரு முறை வழக்கத்துக்கு வந்திருக்கிறது: வாயை நன்றாகத் துலக்கிய பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, உணவு வேளைகளுக்கு இடையில், மாத்திரையோடு சேர்க்காமல், சிறு சிறு மிடறாக. சுத்தமான வாயிலிருந்து இறங்கும் சில துளி வெறும் நீரை நுரையீரல் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும்; பாலையும் பழச்சாற்றையும் அப்படித் தாங்காது. நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் நிமிர்ந்து உட்கார இயலாதவர்களுக்கும் இது பொருந்தாது; அண்மையில் நிமோனியா கண்ட உங்கள் தந்தைக்குப் பொருந்துமா என்பதைச் சோதனையைப் பார்த்த பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகத் தொடங்க வேண்டாம். முதல் சந்திப்பில், நிமோனியா வந்த தேதியோடு, ‘அப்பா தினமும் வெறும் தண்ணீர் கேட்கிறார்’ என்பதையும் உங்கள் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். அந்த நாள் வரும்வரை அவர் வாய் உலர்ந்தால், ஈரமான மென்மையான துணியால் உதட்டையும் நாக்கையும் நனைத்துவிடுங்கள். சோதனைக்குத் தேதி வாங்கியதும், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.