ஆயாம்மா வரவில்லை, நாளைக்கு ஆபீஸ்: கேள்வி பதில்

சென்னையில் பல வருடங்களாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இருந்தவர் திடீரென நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

கேள்வி: ஆயாம்மா சாயங்காலம் போன் செய்து, ஊரில் சாவு, பத்து நாள் வர முடியாது என்றார். குழந்தைக்கு 14 மாதம். நாளை மறுநாள் எனக்கு ஆடிட். இன்று ராத்திரிக்குள் யாரைப் பிடிப்பது அக்கா?

யாரையும் பிடிக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ‘அவசரம், ஆயா வேண்டும்’ என்று போட்டால் நம்பர்கள் வந்து குவியும். அதில் நல்லது எது என்று பார்க்கிற நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களுக்குத் தேவை புது ஆள் இல்லை, பத்து நாளை ஓட்ட ஒரு வழி. ஒரு தாளில் தேதிகளைப் போடுங்கள். நாளைக்கும் ஆடிட் அன்றைக்கும் கணவர் லீவு போடட்டும். அவருக்கும் மீட்டிங் இருக்கும்தான், இருக்கட்டும். அதற்குள் அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்துவிடலாம். தட்கல் டிக்கெட் முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். நாளைக் காலை எடுத்தால் மறுநாள் வண்டி ஏறலாம். முடியாவிட்டால் பஸ்.

அப்புறம், ஆயாம்மாவுக்கு போன் போட்டுத் துக்கம் விசாரியுங்கள். பத்து நாள் சம்பளத்தைப் பிடிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள். அவர் திரும்பி வர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் ஆயா நிரந்தரமாகவே நின்றுவிட்டார். ஏஜென்சியில் நாளைக்கே ஆள் தருகிறோம், கமிஷனை முதலில் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?

கமிஷன் வாங்குவது வழக்கம்தான். வந்த ஆள் நான்காம் நாள் நின்றுவிட்டால் மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார், எத்தனை முறை மாற்றித் தருவார்கள், பணம் திரும்புமா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

வருகிறவரிடம் அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் பத்து என்பார்கள். கடைசியாகப் பார்த்த குழந்தை எதைச் சாப்பிடாது, எப்படித் தூங்க வைப்பீர்கள் என்று கேளுங்கள். உண்மையில் பார்த்துக்கொண்டவர் யோசிக்காமல் சொல்வார். அந்த வீட்டுக்காரரிடமும் நீங்களே போனில் பேசுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அது ஒரே நாளில் முடியாது என்பதால், முதல் சில நாட்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

கேள்வி: டே கேரில்தான் விட வேண்டும். பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

காலையில் போகாதீர்கள், எல்லா டே கேரும் காலையில் அழகாக இருக்கும். மதியம் சாப்பாடு முடிந்து தூங்க வைக்கிற நேரத்தில் சொல்லாமல் போங்கள். ஒரு ஆயா சாப்பிடப் போயிருப்பார், இன்னொருவர் பாத்திரம் கழுவுவார், குழந்தைகளிடம் யார் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு வயதுக்குள் நான்கு பேருக்கு மேல் ஒருவரே பார்த்தால் நானாக இருந்தால் விட மாட்டேன்.

பாத்ரூமை அவசியம் எட்டிப் பாருங்கள். தண்ணீர் நிரம்பிய பக்கெட் இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். தவழுகிற குழந்தை மூழ்குவதற்கு ஒரு பக்கெட் போதும். சம்ப் மூடி, மாடிப்படி கேட், வாசல் தாழ்ப்பாள் இவற்றையும் பாருங்கள். சுவரில் மிக்கி மவுஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை.

முதல் நாள் குழந்தை அழும். கண்ணுக்குத் தெரியாமல் நழுவாதீர்கள். டாட்டா சொல்லிவிட்டுப் போங்கள், முடிந்தால் அரை நாளில் கூட்டி வந்துவிடுங்கள்.

கேள்வி: என் கம்பெனியில் 60 பேர். மனைவி வேலை பார்ப்பது வேறு ஊரில், பையன் என்னிடம் இருக்கிறான். கிரெச் (அலுவலகக் குழந்தைகள் காப்பகம்) கேட்டால் ‘இங்கே பெண்கள் குறைவு’ என்கிறது ஹெச்ஆர்.

தம்பி, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கிரெச்சுக்கு 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் என்றுதான் சொன்னது, 50 பெண்கள் என்று இல்லை. அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இதே வரம்புதான். பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்தும் நடத்தலாம். எழுத்தில் கேளுங்கள். ஆனால் உடனடித் தேவைக்கு அது உதவாது, அதற்கு வீட்டிலிருந்து வேலை கேட்பதே நடக்கும்.

கேள்வி: நான் மத்திய அரசு ஊழியர். குழந்தை பராமரிப்பு விடுப்பை அவசரத்துக்கு எடுக்க முடியுமா அக்கா?

சர்வீஸ் முழுவதற்கும் 730 நாள் உண்டு. ஆனால் முன் அனுமதி வேண்டும், ஒரு தடவைக்குக் குறைந்தது 5 நாள் எடுக்க வேண்டும். நாளைக்கு கேஷுவல் லீவு போட்டுவிட்டு, இதற்கு விண்ணப்பம் கொடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஏழு மாதம். தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போனால் கெடாதா?

25 டிகிரி வரை வெளியில் 4 மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. நம்மூர் மதியத்தில் அதை நம்பாமல் எடுத்த உடனே பிரிட்ஜில் வையுங்கள், 4 நாள் இருக்கும். டப்பாவில் தேதி, நேரம் எழுதுங்கள். அடுப்பில் காய்ச்சாமல் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கேள்வி: கீழ்வீட்டுப் பாட்டி ஒரு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வாரோ?

ஒரு வாரத்துக்குக் காசை நீட்டாதீர்கள். மதியச் சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்து போகட்டும், வெள்ளிக்கிழமை ஒரு புடவை வாங்கிக் கொடுங்கள். அதற்கு மேல் நீண்டால் தொகையைப் பேசிவிடுவதே இரண்டு பேருக்கும் மரியாதை. விடும் முன் அவருடைய பிரஷர், சுகர் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று பார்த்து, எட்டாத உயரத்தில் நீங்களே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.