திரையில் காட்டுது, வலையில் இல்லையே?

கேள்வி: 9 மீட்டர் பைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின். தூத்துக்குடியிலிருந்து பத்துப் பதினைந்து பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் தொழில். போன மாதம் ஃபிஷ் ஃபைண்டர் (மீன்காட்டும் கருவி) வாங்கி மாட்டினேன். படகு நிற்கும்போது தரை தெளிவாகத் தெரிகிறது. வேகம் பிடித்தால் திரை முழுக்கப் புள்ளியாகி, தரைக்கோடு அறுந்துபோகிறது. மீன் படம் காட்டிய இடத்தில் வலை விட்டாலும் பல நாள் வெறும் வலைதான். கருவி பழுதா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டு தொல்லைக்கும் காற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

படகின் அடியில் மாட்டியிருக்கும் டிரான்ஸ்டியூசருக்குள் ஒரு செராமிக் வில்லை இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலி எழுப்பும். திரும்பி வரும் ஒலி பட்டால் மின்சாரம் தரும். வாயும் காதும் அதற்கு ஒன்றே. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப 0.04 வினாடி. போய்வந்த நேரமும், திரும்பிய ஒலியின் பலமும் மட்டுமே கருவிக்குத் தெரியும். மீன் வலப்பக்கமா இடப்பக்கமா என்பது தெரியாது.

நீருக்குள் ஓடும் ஒலிக்குக் காற்று என்றால் சுவர். மோதித் திரும்பிவிடும். மீனின் வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பைதான் திரையில் பளிச்சென்று விழுகிறது. சதை அவ்வளவாக எதிரொலிக்காது. 1948இல் ஜப்பானில் ஃபுரூனோ சகோதரர்கள் முதல் மீன்காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இன்றுவரை இதுதான் அடிப்படை. காற்றுப்பை இல்லாத வஞ்சிரம், சில வகைச் சூரை, சுறா, திருக்கை எல்லாம் அதனால்தான் மங்கலாகத் தெரியும். திரை காலியாக இருந்தும் வஞ்சிரம் படுவதில் அதிசயம் இல்லை.

அதே காற்று குமிழாக டிரான்ஸ்டியூசரின் முகத்தில் படிந்தால் ஒலி கீழே இறங்கவே இறங்காது. வேகம் பிடிக்கும்போது உங்கள் திரையில் நடப்பது அநேகமாக இதுதான். உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. படகை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினைக் கொஞ்சம் முறுக்குங்கள். அப்போதும் புள்ளி விழுந்தால் அது எஞ்சின் வயரிலிருந்து வரும் மின் இரைச்சல். கருவிக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், தனி ஃபியூஸ் போட்டு, எஞ்சின் வயரை விட்டு விலக்கிக் கட்டுங்கள். புள்ளி விழாமல், ஓடும்போது மட்டும் விழுந்தால் குமிழ்தான்.

போன வருடம் இதே புகாரோடு வந்த ஒரு படகைக் கரையேற்றி, மணலில் மல்லாந்து படுத்து அடியைப் பார்த்தேன். டிரான்ஸ்டியூசருக்கு நேர் முன்னால், இரண்டு சாண் தள்ளி, ஒரு போல்ட் தலை அரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. தண்ணீர் அதில் அடித்து நுரைத்து, அந்த நுரை நேராகக் கருவியின் முகத்தில். வேறு எதையும் தொடவில்லை. போல்ட்டை ராவி மட்டமாக்கியதோடு சரியாகிவிட்டது.

உங்கள் படகிலும் அமரத்தின் (பின்முனையின்) பக்கம் குனிந்து பாருங்கள். டிரான்ஸ்டியூசர் புரொப்பெல்லரிலிருந்து ஒரு முழமாவது தள்ளியிருக்க வேண்டும். முகம் படகின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தரையை நேராகப் பார்த்தபடி இருக்க வேண்டும். பாசியோ கொட்டலசோ பிடித்திருந்தால் மெதுவாகத் துடைத்தால் போதும், சுரண்ட வேண்டாம்.

இனி வெறும் வலைக்கு வருவோம். திரையின் வலது ஓரக் கோடு மட்டுமே இந்த நொடி. மற்றதெல்லாம் நீங்கள் கடந்து வந்தது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 20 வினாடி பழைய மீன் உங்களுக்கு 55 மீட்டர் பின்னால் நிற்கும். பார்த்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, திரும்பி வந்து, நீரோட்டம் பார்த்து வலை விடுங்கள்.

ஒலி கூம்பாக இறங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 20 டிகிரி கூம்பு 30 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர் அகலம். 5 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர்கூட இல்லை. மேல்நீரில் ஓடும் கூட்டம் இதற்குள் சிக்குவது அபூர்வம். உங்கள் ஆழத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கு.

மீன் படம் காட்டும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். எதிரொலி வந்தால் கருவி ஊகித்துப் போடும் பொம்மை அது. குமிழுக்கும் போடும், குப்பைக்கும் போடும். அணைத்தால் வளைவு தெரியும். மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவில் குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். வளைவு விழுவது அதனால்தான். வளைவின் நீளத்தை வைத்து மீனின் அளவைச் சொல்லாதீர்கள். நங்கூரமிட்ட படகுக்கு அடியில் அசையாமல் நிற்கும் ஒரே மீன் திரை முழுக்க நீளக் கோடு போடும். எதிரொலியின் தடிப்பையும் நிறத்தையும் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தரைக்கோடுதான். சேறு ஒலியை விழுங்கும், கோடு மங்கலாக வரும். பார், அதாவது கடலடிப் பாறை, அழுத்தமாகத் திருப்பி அனுப்பும்; சில நேரம் இரட்டை ஆழத்தில் இரண்டாவது கோடும் விழும். பாரை ஒட்டி வாழும் கலவாவும் விளைமீனும் தேடுகிறவர்கள் மீன் குறியை விட இந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதல் சில நாள் ஈயக்குண்டையும் கூடவே எடுத்துப் போங்கள். குண்டின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி இறக்கினால் மணலோ சேறோ ஒட்டி வரும். ஒட்டி வந்ததையும் அந்த நேரத்துத் திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.