கட்டியக்காரன் கேட்கிறான்

பகலில் குமாஸ்தா, ராத்திரியில் ராஜபார்ட் என்று முப்பது வருடம் ஓட்டியவர். இப்போது அம்மாபேட்டை மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார். வாசகர் கேள்விகளுக்கு இந்தச் சேலத்து நாடகக்காரரின் பதில்கள்:

சங்கக் கூட்டத்தில் வெள்ளித் தொழிலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மைக்கைப் பிடித்தாலே குரல் கீச்சென்று ஆகிறது, கை நடுங்குகிறது. நாடகக்காரர்கள் இதற்கு என்ன செய்வீர்கள்? (கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாப்பேட்டை)

எங்களுக்கும் நடுங்கும். நடுங்குவதை மறைக்கக் கொஞ்சம் வேலை தெரியும், அவ்வளவுதான்.

முதலில் மூச்சு. பயம் வந்தால் மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும். தோளும் கழுத்தும் இறுகும், அப்புறம் குரல் கீச்சிடாமல் என்ன செய்யும்? ராத்திரி பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். மூச்சை இழுத்தால் புத்தகம் எழ வேண்டும், நெஞ்சு சும்மா கிடக்க வேண்டும். விடும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக விடுங்கள். பத்து எண்ணும் வரை வந்தால் போதும், பிறகு இருபதுக்குப் போகலாம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்தில் பையன்களுக்கு ஏது மைக்? கடைசி வரிசைக்காரனுக்கும் பாட்டும் வசனமும் கேட்டாக வேண்டும். தொண்டையால் கத்தினால் ரெண்டாம் நாளே குரல் கட்டிவிடும். வயிற்றிலிருந்து வந்தால்தான் விடிய விடியத் தாங்கும்.

அடுத்தது கை. வேலை இல்லாத கைதான் நடுங்கும். அதனால்தான் நாங்கள் மேடையில் கையில் ஒரு செம்போ விசிறியோ இல்லாமல் நிற்க மாட்டோம். உங்களுக்கு என்ன குறைச்சல்? பட்டறையிலிருந்து ஒரு ஜோடி கொலுசை எடுத்துப் போங்கள். வணக்கம் சொல்வதற்கு முன்னால் மைக் பக்கத்தில் ஒரே ஒரு தடவை குலுக்குங்கள். நிறுத்தி, மூன்று எண்ணுங்கள். கூட்டம் தானாகத் தலை நிமிரும். பிறகு, கம்பி இழுத்தது எப்படி, வளையம் கோத்தது எப்படி, பொடி வைத்து ஊதியது எப்படி என்று கொலுசை விரலில் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். (பொடி வைப்பது பற்றவைப்பில் மட்டும் இருக்கட்டும், பேச்சில் வேண்டாம்.)

நீங்கள் எழுதி அனுப்பிய பேச்சைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ‘வெள்ளித் தொழிலின் சிறப்பு’ என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் பட்டறைக்காரர்கள். அவர்களுக்குத் தெரியாத சிறப்பா? நாடகத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கேள்வி கேட்போம்: இந்த ஆள் எதிரே நிற்பவனிடம் எதை வாங்கப் போகிறான்? மன்னிப்பையா, ராஜ்யத்தையா, கடனையா? அது தெரிந்தால் வசனம் தானாக வாயில் நிற்கும். உங்கள் கடைசிப் பக்கத்தில், தொழில் பழக இளம் பையன்கள் வருவதில்லை என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. பேச்சே அதுதான். ‘ஆளுக்கு ஒரு பையனுக்கு இந்த வருஷம் தொழில் சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்கத்தான் மேடை ஏறுகிறேன் என முடிவு செய்யுங்கள். மீதி நாலு பக்கத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நடிப்பு என்றாலே பொய்தானே? பேச்சில் நடிப்பைக் கலந்தால் அது ஏமாற்று ஆகாதா? (வாசகர், மேட்டூர்)

நான் பணி ஓய்வு பெற்ற அன்று நடந்ததைச் சொல்கிறேன். துரியோதனனாக எத்தனையோ மேடையில் கர்ஜித்தவன், அன்றைக்குச் சந்தன நிறச் சட்டையும் மாலையுமாக நின்று, ‘இந்தப் பொன்னான தருணத்தில்’ என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி கேட்டாள்: “ஏங்க, யாரோ மாதிரி பேசுனீங்க?”

அன்றைக்குத்தான் நான் பொய் சொன்னேன். ‘விழா நாயகர்’ என்று ஒரு வேஷத்தை, ஒத்திகை கூடப் பார்க்காமல், போட்டுக்கொண்டேன்.

மாஸ்கோ கலை அரங்கை 1898-ல் நெமிரோவிச்-டான்சென்கோவோடு சேர்ந்து தொடங்கிய ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, நடிகனுக்கு ‘இப்படி இருந்தால்?’ என்ற கேள்வியைக் கற்றுக்கொடுத்தார். நான் இந்த இடத்தில், இந்த நிலைமையில் இருந்தால் என்ன செய்வேன்? இதை அன்றைக்குக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எனக்குத் தினமும் டீ கொண்டுவந்த கேன்டீன்காரர் மூன்றாம் வரிசையில்தான் இருந்தார். அவர் ஒருத்தர் மட்டும் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? “அண்ணே, உங்க டீயை எத்தனை நாள் ஆறவெச்சுக் குடிச்சேன், கோவிச்சுக்காதீங்க” என்றுதானே! அதைச் சொல்லியிருந்தால் கூட்டமே அழுதிருக்கும். நானும்தான்.

ஏற்காட்டில் எங்கள் தோட்டத்துக் காபித்தூளையும் மிளகையும் இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். ‘பர்சனல் பிராண்டிங்’ வேண்டும் என்கிறார்கள். வீடியோவில் பேசினால் “ரொம்ப நடிக்கிறே” என்று நாத்தனாரே சிரிக்கிறாள். (வாசகி, ஏற்காடு)

நாத்தனார் சரியாகத்தான் சிரித்திருக்கிறார். “இயற்கை அன்னையின் மடியிலிருந்து வணக்கம் நண்பர்களே” என்று நீங்கள் வீட்டில் யாரிடமாவது பேசுவீர்களா?

தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். ரெண்டு பேர் திரையைப் பிடிக்க, பின்னால் நின்று வேஷக்காரர் பாடுவார். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் கேட்பான்: யாரய்யா நீ, எந்த ஊர், எதுக்கு இங்க வந்தே? ராஜாவே ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பர்சனல் பிராண்டிங் என்று இப்போது பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பது இந்த மூன்று கேள்வியைத்தான். கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பார்த்ததுமே இன்னார் என்று சனங்களுக்குத் தெரிகிற மாதிரி, நீங்களும் வாரம் ஒரு கோலம் மாற்றாமல் இருங்கள். அந்தப் பழைய ஸ்வெட்டரும் தலையில் கட்டிய துண்டும் நன்றாகவே இருக்கின்றன.

பேச்சை இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: “இது இன்னிக்குக் காலையில பறிச்ச பழம். பிதுக்கினா கை பிசுபிசுன்னு ஒட்டும், பாருங்க.” பழத்தை நிஜமாகவே பிதுக்குங்கள். கேமராவைப் பார்க்காதீர்கள், பழத்தைப் பாருங்கள். ஒட்டின விரலைத் துடைத்துக்கொண்டே நிமிரும்போதுதான் கேமரா. பறிப்பு முடிந்து மார்ச், ஏப்ரலில் பூ பூத்தால், எதுவுமே பேசாமல் ஒரு வீடியோ போடுங்கள்.

இன்டர்வியூவுக்குப் பேச வேண்டியதை வரிக்கு வரி மனப்பாடம் செய்யலாமா? (கல்லூரி மாணவர், ஆத்தூர்)

வேண்டாம். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் டிரைவருக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் தெரியும், நடுவிலுள்ள ஒவ்வொரு கல்லும் தெரியாது. நீங்களும் அஞ்சாறு வளைவை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பழகாமல், போட்டுப்போகப் போகும் அதே ஷூவோடு நின்று பழகுங்கள்.

மேடை ஏறுவதற்கு முன் என்ன சாப்பிடலாம்? (வாசகி, குகை)

தட்டுவடை செட்டைத் தவிர எது வேண்டுமானாலும். ஒரு தடவை வேஷம் கட்டிவிட்டு, மீசை கலையாமல் ரெண்டு செட் தள்ளுவண்டியில் வாங்கித் தின்றுவிட்டுப் போனேன். சபையில் திரௌபதியை இழுத்து வரச் சொல்லும் கட்டம். கையை ஓங்கினேன், தட்டைத் தூளும் கார சட்னியும் தொண்டையில் ஏறிக்கொண்டது. துரியோதனன் இருமிக்கொண்டே நிற்க, திரௌபதிதான் பக்கத்தில் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.